இறுவட்டும் உப்புக்காற்றும்

பழுது பார்த்தல் வெறுமனே கழற்றிப் பூட்டும் வேலையன்று. முறையாக ஐயுறக் கற்றலே அதன் முதற்படி. நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில், இயங்காத கருவியொன்றைத் தந்த ஆசிரியர், எது பழுது என்று கேளார். எது பழுதன்று என்றே முதலிற் கேட்பார். அவ்வினா அண்மையில் வேலணையில் எனக்குப் பெரிதும் உதவிற்று.

என் தமக்கையாரின் மகன் இலண்டனிலிருந்து வந்த காலை, பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பொறியொன்றைத் தாய்வீட்டில் விட்டுச் சென்றான். 1994 டிசெம்பரில் யப்பானிலும் மறு ஆண்டில் ஐரோப்பாவிலும் வெளிவந்த பொறி அது. மருமகன் இன்றில்லை. விடுமுறைக்கு வந்த அவன் மகன், தந்தை ஆடிய ஆட்டத்தைத் தானும் ஆட விழைந்தான். இறுவட்டோ சிறிது சுழன்று நின்றுவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றனர் சிலர்.

இறுவட்டை இடாது மின்னூட்டினேன். நினைவு அட்டையின் பட்டியல் திரையில் தோன்றிற்று. ஆகவே மின்வழங்கியும் சுற்றுப்பலகையும் பழுதல்ல. அட்டையின் 15 கட்டங்களுள் மருமகன் சேமித்தவையும் அழியாதிருந்தன. அவற்றைத் திறக்கும் வழியே அடைபட்டிருந்தது.

இறுவட்டின் தரவு நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் சுருள்வரியாகும். வரிகளுக்கிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீற்றர். கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளியைச் சிறு வில்லையொன்று அவ்வரியிற் குவிக்கும். வில்லையைத் தாங்கிய ஊர்தி தண்டொன்றின் வழியே நகரும். இத்துணை நுண்ணிய பணிக்குச் சிறு மாசும் பெருந்தடையே.

மின்செருகியை அகற்றிப் பெட்டியைத் திறந்தேன். மூடியை மூடினால் அழுந்தவேண்டிய ஆளி செவ்வனே இருந்தது. வில்லைமீதோ மெல்லிய வெண்படலம். உப்புக்காற்று ஓயாத ஊரில் இது வியப்பன்று. ஐசோபுரோப்பைல் மதுசாரம் தோய்த்த பஞ்சினால் மெல்லத் துடைத்தேன். பாட்டு இறுவட்டு தடையின்றி ஒலித்தது. விளையாட்டு மட்டும் இடையிடையே திக்கிற்று. ஊர்தி செல்லும் தண்டை நோக்கினேன். பழைய கிறீஸ் மெழுகாய் இறுகிக் கிடந்தது. அதனை வழித்தெடுத்துப் புதியதைச் சிறிதளவே தடவினேன். லேசரின் வலுவைக் கூட்டும் நுண்திருகியைத் திருப்புமாறு நண்பரொருவர் கூறினார். நான் அதனைத் தொடவில்லை. வலுவைக் கூட்டினால் லேசரின் ஆயுள் குறையும். அழுக்குக்கு அது மருந்துமன்று.

ஆட்டம் தொடங்கிற்று. தந்தை நிறுத்திய இடத்திலிருந்து மகன் தொடர்ந்தான். தமக்கையார் திரையை நோக்காது பேரனின் முகத்தையே பார்த்திருந்தார்.

இரவு ஆட்டத்தை நிறுத்துமுன், அதனைச் சேமிப்பது எங்கே என்று திரை வினவிற்று. சிறுவன் சற்றுநேரம் எண்ணிப் பார்த்தான். பின்னர், தந்தையின் பதிவைத் தொடாது, அடுத்திருந்த வெற்றுக் கட்டத்தில் தன் ஆட்டத்தைப் பதிந்தான்.