முன்வாசலில் காவல், கொல்லையில் தாழ்ப்பாள் இல்லை

சென்னை விமான நிலையத்தில் 2024-இல் பிடிபட்ட தங்கக் கடத்தலைப் பற்றி அப்போது வந்த செய்திகளை வெட்டி வைத்திருக்கிறேன். பன்னாட்டு முனையத்துக்குள் ஒரு பரிசுப் பொருள் கடை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே விமானம் மாறிப் போகும் பயணிகள் தங்கத்தைக் கைமாற்றிவிட்டுப் போய்விடுவார்களாம். கடை ஊழியர்கள் அதை உடம்புக்குள் மறைத்து வெளியே கொண்டுபோவார்களாம். சுங்கத் துறை சொன்ன கணக்கு, 2 மாதத்தில் 267 கிலோ. உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த ஊழியர்கள் யாரும் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் இல்லை. எல்லோர் கழுத்திலும் முறையான நுழைவு அட்டை தொங்கியது.

ஊழியர்களுக்கும் சோதனை உண்டுதான். ஆனால் தினமும் வந்துபோகிற, முகம் பழகிய ஆளை ஒரு காவலர் எப்படிச் சோதிப்பார் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெளியே போனது தங்கம் என்பதால் அரசுக்கு வரி நஷ்டம். அதே வழியில் வேறொன்று போயிருந்தால்?

*

நம் விதிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு விபரீதம் நடந்திருக்கிறது. 1976-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. 1978-இல் சிவில் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு வந்தது. 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் நடுக்கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் மாண்டார்கள். 1987-இல் அந்தப் பிரிவு தனித் துறையானது. 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தல். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையக் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பதுகூட 2006-இல் லண்டனில் முறியடிக்கப்பட்ட சதியின் மிச்சம்.

மீனம்பாக்கத்தை நாம் மறந்தே போனோம். 1984 ஆகஸ்ட் 2 இரவு, ஆளில்லாத பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இலங்கையர். கொழும்பு விமானத்துக்கென்று பதிவான பெட்டி அது. தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்திருந்தது. பெட்டியைக் கொடுத்த ஆள் விமானத்தில் ஏறினாரா என்ற ஒரே கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. பத்து மாதம் கழித்து வான்கூவரில் கனிஷ்காவுக்கான பெட்டி ஏறியபோதும் அதே கதை: பெட்டி போனது, ஆள் போகவில்லை. அது விமானம் மாறிய டொராண்டோவில் அன்றைக்கென்று எக்ஸ்ரே இயந்திரமும் பழுது. கனடா ஒன்றும் ஏழை நாடு இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

*

இயந்திரம் வாங்குவது சுலபம். நிதி கிடைக்கும், திறப்பு விழா நடக்கும், புகைப்படம் வரும். அதற்கடுத்த ஆண்டுகளின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. வளரும் நாடுகளில் ஸ்கேனர்கள் பாதி ஆயுளிலேயே துணி போர்த்தி ஓரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். எக்ஸ்ரே திரையை ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, அதற்குமேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது என்பது இந்தத் தொழிலில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட பாடம். அவர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க, யாரோ ஒரு பயணியின் பைக்குள் இல்லாத துப்பாக்கியின் படத்தை மென்பொருளே திரையில் நுழைத்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் மாற்று ஆள் இருந்தால்தானே 20 நிமிடத்தில் எழுந்து போக முடியும்? 2022-இல் நம் விமான நிலையங்களில் மத்தியப் படையின் 3,049 பணியிடங்களை நீக்கி, வரிசை ஒழுங்குபோன்ற வேலைகளுக்கு 1,924 தனியார் காவலர்களை வைப்பதாக முடிவெடுத்தார்கள். எல்லா வேலைக்கும் ஆயுதப்படை தேவையில்லை என்ற வாதம் சரி. குறைந்த கூலிக்கு வந்த காவலர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்பதும் சரி. பயிற்சிச் செலவை அப்போது யார் கணக்கில் எழுதுவது?

இத்தனைக்கும் பணமில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பயணி ஒவ்வொருவரின் டிக்கெட்டிலும் பாதுகாப்புக் கட்டணமாக 200 ரூபாய் சேர்ந்தே வருகிறது.

*

கைப்பையில் ஒரு அட்டையைக் கட்டி, சோதனை முடிந்ததும் அதில் முத்திரை குத்துவார்கள், நினைவிருக்கிறதா? முத்திரை விழாத பையோடு படிக்கட்டு வரை போய்த் திரும்பி ஓடிவந்தவர்கள் ஏராளம். 2017 ஏப்ரலில் தில்லி, மும்பை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களில் முதலில் அதை நிறுத்தினார்கள். வானம் இடிந்து விழவில்லை. சடங்கு எது, சோதனை எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை இன்னும் நிறைய இடங்களில் செய்யலாம்.

*

துறைமுகத்துக்கு வருவோம். விமான நிலையத்தைப் பற்றிப் புகார் சொல்ல லட்சக்கணக்கான பயணிகள் இருக்கிறார்கள். கண்டெய்னருக்கு வாயில்லை.

2004 ஜூலை 1 முதல் பன்னாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகங்களுக்கெல்லாம் பாதுகாப்பு அதிகாரி, பாதுகாப்புத் திட்டம், வேலி, நுழைவுக் கட்டுப்பாடு எல்லாம் கட்டாயம். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைவது அதனால் லேசில்லை. ஆனால் அதன் ஜீரோ கேட் வாயிலுக்கு வெளியே பாருங்கள். நெரிசல் முற்றும் நாட்களில் எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி, ஓட்டுநர் வண்டியிலேயே சமைத்துத் தூங்கி எழுந்து காத்திருப்பார். சீல் வைத்த ஏற்றுமதிச் சரக்கு இரவெல்லாம் சாலையோரத்தில். போக்குவரத்துப் பிரச்சினை என்று இதை வேறு துறையின் கோப்பில் போட்டுவிடுகிறோம். வரிசையைக் குறைப்பதே பாதுகாப்பு வேலை என்பது என் கட்சி.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலிலிருந்து இறக்கி, யார் பொறுப்பு என்று தீராமல், ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கு. செய்தி வந்த இரண்டொரு நாளில்தான் நமக்கே தெரிந்தது, மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் 37 பெட்டிகளில் சுமார் 700 டன் அதே உப்பு 2015-இல் பறிமுதலானதிலிருந்து கிடக்கிறது என்று. அக்கம்பக்கத்தில் வீடுகள். வழக்கு, ஏலம், கோப்பு என்று ஐந்து ஆண்டு நகராதது, பெய்ரூட் புகையைத் தொலைக்காட்சியில் பார்த்த சில வாரங்களுக்குள் ஹைதராபாத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அத்தனை நாள் அது அங்கே கிடந்ததற்கு எந்தக் குற்றவாளியும் காரணமில்லை. தாமதம் மட்டும்தான்.

*

குஜராத்தின் முந்த்ரா துறைமுகம், 2021 செப்டம்பர். இரண்டு கண்டெய்னர்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின். ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, டால்க் கல் என்ற பெயரில் வந்தது. இறக்குமதியாளர் முகவரி விஜயவாடா. கைதுகள் சென்னை வரை நீண்டன. பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், முன்கூட்டிக் கிடைத்த தகவலை வைத்து.

விஜயவாடாவில் இருக்கும் சின்ன நிறுவனம், வாசலில் இருக்கும் கிழக்குக் கரைத் துறைமுகங்களை விட்டுவிட்டு நாட்டின் மறுகோடியில் குஜராத்தில் ஏன் சரக்கை இறக்குகிறது? இந்தக் கேள்வி ஸ்கேனருக்குத் தோன்றாது. காகிதத்தைப் படிக்கிற ஒரு குமாஸ்தாவுக்குத் தோன்றும், அவருக்குப் படிக்க நேரம் கொடுத்தால். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க எந்த நாட்டாலும் முடியாது. எதைத் திறப்பது என்று தெரிந்த ஆட்களே நமக்கு வேண்டியவர்கள்.

*

ஆபத்து பெட்டியில்தான் வரவேண்டும் என்பதில்லை. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கிய ஒரு கணினி வைரஸ் மும்பை அருகே நவ சேவாத் துறைமுகத்தின் ஒரு முனையத்தை முடக்கியது. வேலி, நாய், துப்பாக்கி எதுவும் உதவவில்லை.

*

துறைமுகம்கூடத் தேவையில்லை. 1993 மார்ச் 12 மும்பைக் குண்டுவெடிப்புகளுக்கான ஆர்.டி.எக்ஸ். ராய்கட் மாவட்டக் கடற்கரையில் இறங்கியது. வழியில் மறித்தவர்கள் உண்டு. மறித்துப் பணம் வாங்கிக்கொண்டு விட்டவர்கள். போலீஸாரும் சுங்க அதிகாரிகளும் இதற்காகப் பின்னால் தண்டனை பெற்றார்கள். 257 உயிர்கள். வெள்ளிக்கட்டி என்று நினைத்தோம் என்பதுபோன்ற சமாதானங்களை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளிக்குத் திறக்கிற கதவு வெடிமருந்துக்கும் திறக்கும்.

*

2008 நவம்பரில் பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்கு வந்தபோது, குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில் இருந்தவர்களைக் கொன்று, மீனவர்போல் வந்தார்கள். கொலாபாவில் கரையேறியவர்களை "யார் நீங்கள்" என்று முதலில் கேட்டவர்கள் அங்கிருந்த குப்பத்து மீனவர்களே. அவர்கள் கேள்விக்கும் நேரான பதில் வரவில்லை, அவர்கள் சொன்ன தகவலுக்கும் உடனே வேலை நடக்கவில்லை.

அதன்பிறகு மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை, படகுக்கு மாநிலவாரியாக நிறம், கடலோரக் காவல் நிலையங்கள், 'சாகர் கவாச்' ஒத்திகை என்று நிறைய வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டமும் 2024-இல் தொடங்கியது. எல்லாம் நல்லதே. ஆனால் அட்டையை மறந்துவிட்டுக் கடலுக்குப் போனவரைக் குற்றவாளிபோல் நிறுத்திவைக்கும் அதிகாரி, நாளை அதே மனிதர் ஓடிவந்து தகவல் சொல்வார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. தண்ணீரில் எந்தப் படகு ஊருக்குப் புதிது என்பது ரேடாருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

கரையில் இருப்பவர்கள் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்: கடலோரக் காவல் நிலைய உதவிக்கு 1093, கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள். எடுப்பவர் அலட்சியமாகப் பேசினால், அதையும் எழுத்தில் புகார் கொடுங்கள்.