பெயர் ஒன்று, ஒலி பல

தொழில்நுட்பம் உலகைச் சுருக்கிவிட்டது என்கிறோம். ஆனால், அத்தொழில்நுட்பத்தின் பெயர்களை உலகம் ஒரே மாதிரியாக உச்சரிப்பதில்லை. நாம் 'வைஃபை' என்பதைப் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் 'வீஃபீ' என்கின்றனர். 'பெர்சனல் கம்ப்யூட்டர்' என்ற நீண்ட பெயரை ஜப்பானியர் 'பசொகொன்' என்று நறுக்கிக்கொண்டனர். சீனர்களோ ஒலியையே விட்டுவிட்டு, 'மின்மூளை' என்று பொருள்படும் 'தியன்நாவ்' என்ற சொல்லை அமைத்துக்கொண்டனர்.

இதை அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. அலோர் ஸ்டாரில், எங்கள் மெர்கோங் வட்டாரத்தில் உள்ள ஒரு கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தாலே போதும். சீனத் தவுக்கே 'ஹுவாவெய்' என்பார். ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர் 'வாவே' என்பார். 'சியாவ்மி' என்பது தவுக்கேக்குத் தினையைக் குறிக்கும் சொல். நம்மவர் பலருக்கு அது வெறும் 'சவ்மி'.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, வாட்ஸ்அப்பை 'வாசாப்பு' என்பார். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே, நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 'நோக்கியா' என்று ககரத்தை இரட்டித்து எழுதுகிறோமே, அதுவும் அப்படித்தான். 'பகல்' என்பதில் தனித்து வரும் ககரம் மென்மையாக ஒலிக்கிறது. 'பக்கம்' என்பதில் இரட்டித்தால்தான் வல்லோசை நிற்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் காணாத பாட்டியின் நாவிலும் இலக்கணம் குடியிருக்கிறது என்றால் மிகையாகாது.

வடசொல்லை ஏற்கும்போது வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியம் அன்றே வழி வகுத்தது. கம்பர் லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் பாடினார். அவரைப் பார்த்து யாரும் 'உச்சரிக்கத் தெரியாதவர்' என்று சொல்லவில்லை.

ஆனால், நம் மாணவர்களுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் பயின்றபின் நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தேன். அங்கே கணினிப் பாடத்தின்போது, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த தோழி ஒருத்தி 'ஃபைல்' என்பதைப் 'பைல்' என்றாள். வகுப்பே சிரித்தது. நம் இனத்து மாணவர்கள்தாம் உரக்கச் சிரித்தனர். அதே வகுப்பில் கணினிச் சுட்டியான 'தெத்திகுஸ்', கெடா மலாய் நண்பர்களின் வாயில் 'தெத்திகுய்ஹ்' என்று ஒலிக்கும். அதற்கு யாரும் சிரித்ததில்லை. சிரிக்கவும் தேவையில்லை, அது அவர்கள் வட்டார வழக்கு. ஃபகர ஒலி மலாய்க்கும் அரபு முதலிய மொழிகளின் வழி வந்ததுதான். கம்பத்துப் பெரியவர்கள் முன்பு தொலைபேசியைத் 'தலிபோன்' என்றே அழைத்தனர்.

அந்தத் தோழி அதன்பின் அப்பாடத்தில் கைதூக்கிக் கேள்வி கேட்டதை நான் பார்த்ததில்லை. ஓர் ஒலிக்காக ஒரு மாணவியின் கேள்விகள் அத்தனையும் அடங்கிப்போயின. என் கவலையெல்லாம் இதுதான்.

நேர்முகத் தேர்விலும் மேடையிலும் எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி ஒலிக்கப் பழகுவது நல்லதே. அது பயிற்சியால் வரும். அந்தப் பயிற்சி இல்லாதவரை அறிவில்லாதவர் என்று எடைபோடுவதுதான் தவறு. இன்னொரு வழியும் நமக்கு உண்டு. இணையம், முகநூல், புலனம், திறன்பேசி என நம் நாட்டுத் தமிழர் நாவில் இன்று பல தமிழ்ச்சொற்கள் புழங்குகின்றன. அவற்றை உச்சரிக்க எந்தப் பாட்டியும் தயங்க மாட்டார்.

நண்பர்களே, ஒவ்வோர் ஆண்டும் தோட்டப்புறங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் புதிய மாணவர்கள் நம் கழகத்திற்கு வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு மென்பொருளின் பெயரைத் தம் வழக்கில் சொல்லி ஐயம் கேட்டால், பெயரைத் திருத்துவதற்கு முன் அந்த ஐயத்தைத் தீர்த்து வைப்போம்.