வன்னி முற்றத்தில் நட்சத்திர ஆமை

வன்னிப் பெருநிலத்தின் வரண்ட காடுகளிலும் பற்றைகள் மண்டிய தரவைகளிலும் தன் போக்கில் மேய்ந்து திரியும் நட்சத்திர ஆமை, இலங்கையில் வாழும் ஆமைகளுள் நீரை நாடாமல் தரையிலேயே ஆயுள் முழுவதையும் கழிக்கின்ற ஒரே இனமாகும். ஐப்பசி மழை தொடங்கி நிலம் குளிர்ந்ததும், கோடையில் பெரும்பாலும் மறைந்து கிடந்த இச் சாதுவான பிராணி தளிர்ப்புல்லைத் தேடி வெளியே வந்து, ஏ9 வீதியையும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையையும் குறுக்கே கடக்கின்றது. மனிதர் கண்ணில் அது படுவதும் அப்பொழுதுதான். வாகனத்தில் நசுங்கிவிடுமே என்ற இரக்கத்தினால் ஒருவர் அதைத் தூக்குகின்றார். அது நோக்கிச் சென்ற திசையிலேயே வீதியின் மறுகரையில் விட்டுவிட்டால் அந்த இரக்கம் பூரணமாகிவிடும். ஆனால் ஓட்டின்மேல் விரிந்திருக்கும் மஞ்சள் கதிர்களின் அழகில் மனம் லயித்து, பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகின்றார்.

கால்நடை வைத்தியனாகிய எனக்கு மாடுகளோடும் ஆடுகளோடுமே நாட்கள் கழிகின்றன என்றாலும், மாரி காலம் வந்துவிட்டால் உரப்பைகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஆமைகளும் வந்து சேரும். “டொக்டர், இது ஒண்டும் தின்னுதில்லை” என்பதே அநேகமாக எல்லோரும் சொல்லும் முறைப்பாடு. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் சோறு, பாண், பிஸ்கற், வாழைப்பழம் என்பார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் குளியலறை மூலை, சீமெந்துத் தொட்டி, கோழிக்கூடு என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையிலேயே நோயின் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுகின்றபடியால், மருந்தைத் தேடுவதற்கு முன்னர் இருப்பிடத்தைத் திருத்துவதையே நான் முதற் கடமையாகக் கொள்கின்றேன்.

எல்லாவற்றிலும் கொடியது கிணறு. நீர் தெளிந்திருக்கும் என்று நம்பிக் கிணற்றில் ஆமை விடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு; குளத்து ஆமைக்கும் நிலத்து ஆமைக்கும் பேதம் தெரியாதவர்கள் நட்சத்திர ஆமையையும் அவ்வாறே இறக்கிவிடுகின்றார்கள். காலைப் புரட்டிப் பார்த்தால் பேதம் உடனே விளங்கும். குளத்து ஆமையின் விரல்களுக்கிடையே நீந்துவதற்கான தோல் இருக்கும். நட்சத்திர ஆமையின் காலோ யானையின் காலைப் போலத் திரண்டு, தரையை அழுத்தி நடப்பதற்கென்றே அமைந்தது. ஆழ்ந்த நீரில் அது சிறிது நேரம் தத்தளித்து, பின்னர் மூச்சடங்கி இறந்துபோகும்.

ஆயினும் நீர் அதற்கு வேண்டாததன்று. அகன்ற மண்சட்டியொன்றை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி நிலத்தில் பதித்து, தாடையின் கீழ்மட்டும் எட்டும் அளவுக்கு நீர் ஊற்றிவைத்தால், ஆமை தானே நடந்து அதனுள் இறங்கி, மூக்கையும் வாயையும் நீரிற் பதித்து நெடுநேரம் அசையாமல் நின்று குடிக்கும். அந்த நீரிலேயே வெண்மையான கூழ்போன்ற சிறுநீர்க் கழிவையும் வெளியேற்றும். ஆகையால் நீரைத் தினந்தோறும் மாற்ற வேண்டும். புதிதாக வந்த ஆமை எதையும் உண்ணாவிட்டாலும், வெதுவெதுப்பான நீரில் இவ்வாறு சற்று நேரம் நிற்கவிட்டுப் பின் தனிமையில் விட்டுவிடுவதைக் காட்டிலும் சிறந்த உபசாரம் முதல் நாட்களில் வேறில்லை. அதைப் பிள்ளைகள் கைமாற்றி விளையாடுவதும் வாயைத் திறந்து தீனி திணிப்பதும் அறவே கூடாது.

குளிர்தேசத்து நூல்களைப் படித்தவர்கள் விளக்கு வேண்டுமா, சூடேற்றும் கருவி வேண்டுமா என்று விசாரிப்பதுண்டு. சூரியன் தாராளமாகக் காயும் வன்னியில் நாம் கவலைப்பட வேண்டியது நிழலைப் பற்றியே. காலை இளவெயில் தேகத்தில் நேரே படவேண்டும். அக் கிரணங்களிலுள்ள புற ஊதாக் கதிரினால்தான் தோலில் டி உயிர்ச்சத்து உண்டாகி, உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேர்கின்றது. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் பிரகாசமாயிருந்தாலும் அக் கதிரைப் பெரும்பாலும் இழந்தே வருகின்றபடியால், வீட்டுக்குள் வளரும் ஆமையின் ஓடு மெலிந்து, விரலால் அழுத்தினால் நெகிழும் நிலைக்கு வந்துவிடுகின்றது. நடுப்பகலிலோ அதே வெயில் யமனாகிவிடும். சீமெந்துத் தரை கொதிக்கும்போது ஒதுங்க இடமில்லாத ஆமை மாலைக்குள் மடிந்துவிடும். மரநிழலில், வெறும் மண் தரையில், காய்ந்த சருகைக் குவித்து, உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்து வைப்பதே போதுமான வீடு. சுற்றி அடைப்பதற்குக் கம்பிவலை உதவாது. அப்பால் தெரிவதை நோக்கி ஆமை ஓயாமல் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஊடே பார்க்கமுடியாத தாழ்ந்த பலகை அடைப்பு, அடியில் தோண்டிப் போகாதபடி மண்ணில் சற்று இறங்கியிருந்தால், அதனுள் அமைதியாக உலாவும். நாய் உள்ள வீட்டில் உயர்ந்த அடைப்பும் இரவில் மூடிய கூடும் இன்றியமையாதவை. நாய் கடித்துச் சிதைத்த ஓடுகளை நான் அடிக்கடி காண்கின்றேன்.

ஆகாரத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். இதன் குடல் நார் மிகுந்த புல்லையும் இலையையும் மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் சீரணிப்பதற்காக அமைந்தது. சோறும் பாணும் பழமும் அதனுள் சென்றால் கழிச்சலும் உப்புசமும் உண்டாகும். அறுகம்புல், முருங்கையிலை, செவ்வரத்தையின் பூவும் இலையும், முள் நீக்கிய நாகதாளி மடல் ஆகிய எல்லாம் விலையின்றிக் கிடைப்பவை. மருந்து தெளித்த வயலின் புல்லை மட்டும் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு முல்லைத்தீவுக் கரையில் அலை ஒதுக்கும் கணவாய் ஓட்டை உப்புப் போகக் கழுவிக் காயவைத்து ஓரமாகப் போட்டுவிட்டால், வேண்டும்போது வந்து கடித்துக்கொள்ளும். இளங்குட்டிகளுக்கு ஒரு மூலையில் ஈரமண்ணும் வேண்டும். இளம் ஆப்பிரிக்க ஆமைகளை வைத்து ஆராய்ந்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஓடு மிகையாகக் கூம்புகளாய்ப் புடைப்பதற்கு ஆகாரத்துப் புரதத்தைவிட வரண்ட சூழலே பெருங்காரணம் என்று காட்டியது. சோளகம் வீசும் மாதங்களில் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

அதே மாதங்களில் வளர்ந்த ஆமை ஊண் குறைந்து, சருகுக்குள் புதைந்து, நாட்கணக்கில் வெளியே வராமலும் இருக்கும். இது அதன் சுபாவம். எடை குறையாமலும் கண் குழியாமலும் இருக்கும்வரை அதைத் தொந்தரவு செய்யலாகாது. மூக்கில் நுரையோ நீரோ வடிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மாத்திரம் தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுவர வேண்டும். உதரவிதானம் இல்லாத ஆமையினால் இருமிச் சளியை வெளியேற்ற இயலாது.

ஓட்டின் பின்விளிம்பில் துளையிட்டுக் கம்பி கோத்து, மரத்தில் கட்டிவைத்த ஆமையொன்று ஒருமுறை என்னிடம் வந்தது. துளையைச் சுற்றி ஓடு கறுத்து, அடியில் சீழ் கட்டியிருந்தது. ஓடு என்பது பிராணியின்மேல் போர்த்திய மூடி அன்று. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஒன்றாய்ப் பிணைந்து, மேலே நகப்பொருள் படிந்த உயிருள்ள அவயவம் அது. அதற்கு நரம்பும் உண்டு, இரத்தமும் உண்டு. அயடீன் மருந்தினால் நான் கழுவியபோதெல்லாம் அந்த ஆமை பின்கால்களை உள்ளிழுத்துக்கொண்டது.

இவ்வளவையும் சொன்னது ஆமையை நிரந்தரமாக வீட்டில் வைத்திருப்பதற்காக அன்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமை பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பெருந்தொகையாகக் கடத்தப்படுவதால், 2019இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையிலும் அது முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. கையில் வந்துவிட்ட ஆமைக்கு நல்ல மண்ணும் நிழலும் நீரும் கொடுத்து, காலம் தாழ்த்தாமல் வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது அதை எந்த ஊரில், எந்த வீதியோரத்தில் அல்லது எந்தக் குளக்கட்டின் அருகே எடுத்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். அறியாத காட்டில் விடப்பட்ட ஆமை வழிதவறி அலைவதுடன், தான் சுமந்து செல்லும் நோயை அங்குள்ள ஆமைகளுக்கும் பரப்பக்கூடும். எடுத்த இடம் தெரிந்தால்தான் அதைத் தன் மண்ணுக்கே திருப்பி அனுப்ப முடியும்.