பெட்டி பேசக் கூடாது

அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு வேலைத்தளம். வாசலில் ஒரு வேகன் ஆர் கார், பின்கதவு மேலே தூக்கியபடி நிற்கிறது. உள்ளே மரத்தூள் படிந்த மேசை, சுருட்டிய வயர்கள், காதில் பென்சில் செருகிய பாஸ். என் பழைய ரேடியோ பழுது தீரும்வரை சுவரோர வாங்கில் இருக்கிறேன். பேச எனக்கு ஒன்றுமில்லை. பார்க்க நிறைய இருக்கிறது.

வண்டிக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கூட வந்த கூட்டாளி ஒரு அட்டைப்பெட்டியை மேசையில் வைக்கிறான்.

“2000 வாட்ஸ் அண்ணே. இப்படி ரெண்டு போட்டா ரோடே அதிரும்.”

பாஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அடியில், சின்ன எழுத்தில் தேடியது கிடைக்கிறது.

“அந்த 2000 ஒரு நொடி தாங்குறது மனே. நின்டு தாங்குறது இந்த 300தான். ஆர்.எம்.எஸ். எண்டு போட்டிருக்கு பாருங்க. ஆம்ப் வாங்கக்குள்ள இதைத்தான் பாக்கணும்.” பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியிடம் திரும்புகிறார். “அது கிடக்கட்டும். நீங்க என்ன பாட்டு கேப்பீங்க?”

கடைகளில் வாட்ஸ் கேட்பார்கள், இஞ்சி கேட்பார்கள், காசு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். பாட்டைக் கேட்கும் ஆள் அபூர்வம். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போகிறது.

தம்பி மெட்டாலிக்கா என்கிறான், லெட் செப்பலின் என்கிறான். பாஸுக்கு இரண்டும் தெரியாது. “போடுங்க, கேப்பம்.”

முதலில் போட்டது மெட்டாலிக்காவின் 1988ஆம் ஆண்டு அல்பம். “இதுல பேஸே வருகுதில்ல அண்ணே, அதுக்குத்தான் சப்வூஃபர்” என்கிறான். அந்த அல்பத்தில் பேஸ் கிற்றாரை ஒலிக்கலவையிலேயே ஏறக்குறையப் புதைத்துவிட்டார்கள். ரொக் ரசிகர்கள் இன்றுவரை அதைச் சொல்லி ஆதங்கப்படுகிறார்கள். பதிவில் இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. பாஸுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “பாட்டுக்குள்ளயே இல்ல தம்பி, வேற போடுங்க” என்கிறார். காது என்றால் அதுதான் காது.

அடுத்தது பெட்டி. கூட்டாளிக்கு ஓட்டை வைத்த பெட்டிதான் வேண்டும், அதில் சத்தம் கூட. அவன் சொல்வதும் சரி. காற்றுத் துளை வைத்த பெட்டி, துளையை எந்த அதிர்வெண்ணுக்கு அமைத்தார்களோ அதையொட்டி அதே வாட்ஸில் கூடுதலாக ஒலிக்கும். நீட்டி முழங்கும் தாழ்ந்த ஒலிக்கு, ஹிப்ஹொப் பாட்டுக்கு, அது பொருத்தம். ரொக்கின் தேவை வேறு. பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸ். கால் மேளத்தின் கனமும் பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடையில் அடங்கிவிடும். அதற்குக் கீழே பாதாளம் வரை இறங்க வேண்டிய தேவை இந்த இசையில் குறைவு. வேண்டியது வேகம். நிமிடத்துக்கு 180 தாளம் ஓடும் மெட்டல் பாட்டில் இரண்டு காலாலும் மேளக்காரன் பதினாறில் ஒரு பங்குச் சுரங்களாக அடித்தால் நொடிக்கு 12 அடி விழும். முதல் அடி ஓய்ந்தால்தான் அடுத்தது கேட்கும். ஓயாத பெட்டியில் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். அடி நீளக் கூடாது என்றுதான் பல குழுக்கள் கால் மேளத்துக்குள் தலையணை வைக்கின்றன.

பாஸ் இதையெல்லாம் விளக்கவில்லை. மூலையில் கிடந்த இரண்டு பழைய பெட்டிகளை இழுத்துவந்தார். ஒன்றில் துளை, மற்றது மூடியது. ஒரே ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் பூட்டி, ஒரே பாட்டைப் போட்டார். செப்பலினின் 1971ஆம் ஆண்டு அல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘வென் த லெவி பிரேக்ஸ்’. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் ஜோன் பொனமின் மேளத்தை வைத்து, மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தது. அடி விழுகிறது, பின்னாலேயே அந்தக் கூடத்தின் அதிர்வு. துளைப் பெட்டியில் இரண்டும் குழைந்தன. மூடிய பெட்டியில் தோல் வேறாக, கூடம் வேறாகக் கேட்டது. தம்பி ஒன்றும் சொல்லாமல் மூடிய பெட்டியின்மேல் கையை வைத்தான்.

“ஆனா சத்தம் குறைவுதானே?” கூட்டாளி விடவில்லை.

“வண்டிக்குள்ள வைச்சா ஏறும்.”

உண்மைதான். காரின் உள்ளறை சிறியது. ஏறத்தாழ 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே மூடிய பெட்டியின் ஒலி இறங்க இறங்க, வண்டியின் அடைப்பே அதைத் தூக்கிக்கொடுக்கும். வீட்டில் மெலிந்து கேட்கும் பெட்டி காரில் நிறைந்து கேட்பது அதனால்தான்.

பிறகு பென்சில் இறங்கியது. ஸ்பீக்கரோடு வந்த தாளில் மூடிய பெட்டிக்கு ஒரு கன அடி என்று இருந்தது. பாஸ் பலகையிலேயே கணக்குப் போட்டார்: உள்ளளவு 15, 13, 10 இஞ்சி, பெருக்க 1950, 1728ஆல் வகுக்க 1.13. ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஒன்றுக்குக் கிட்ட. பலகை 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். வெட்டி, பசை தடவி, திருகாணி முறுக்கி, உள்மூலைகளில் சிலிக்கனை விரலால் இழுத்து அடைத்தார். ஊசித்துளை அளவு காற்று கசிந்தாலும் சீறும். நடுவில் குறுக்காக ஒரு சட்டம். விரல் முட்டியால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டினார். ஒரு பக்கம் ‘டொங்’ என்றது. அங்கே இன்னொரு சட்டம் ஏறியது. மறுகா தட்டினால் ‘டக்’.

எங்கள் மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்க, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அந்த ஒலி மிகவும் பெருகியதாக எழுதிவைத்திருக்கிறார். மரம் அப்படி ஒலியை ஏந்தி வரும். ஸ்பீக்கர் பெட்டியில் அந்தக் குணம்தான் வினை. பெட்டியின் பலகை கூடப் பாடினால் பொனமின் அடியில் எம்.டி.எஃப். குரலும் கலந்துவிடும். இரண்டு சட்டம் போட்டு அதன் வாயை அடைப்பது அதற்காகத்தான்.

பசை காயவேண்டும், நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். ஆம்பில் 80 ஹேர்ட்ஸில் பிரித்துவிடுவதாகவும், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடாமல் வயர் இழுக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

“அப்ப ரெண்டாவது ஸ்பீக்கர்?” என்றான் கூட்டாளி.

“அந்தக் காசுக்கு முன்கதவு ஸ்பீக்கர மாத்துங்க மனே. கிற்றாரும் பாடுறவன்ட குரலும் அங்கயிருந்துதான் வரணும்.”

ரொக் கேட்கிறவர்களுக்கு நானும் இதையேதான் சொல்வேன்: மூடிய பெட்டியில் நல்ல பன்னிரண்டு இஞ்சி ஒன்று போதும். கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டைக் கொண்டுபோங்கள். அதைக் கேட்டுப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கித் தருகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.