பஜிரோவுக்கு ஒரு கிளச்

எங்கட வீட்டு பஜிரோவுக்கு எங்களை விட வயசு கூட. இரண்டாம் தலைமுறை வண்டி, 4டி56 டர்போ டீசல், 2477 சிசி. ஒரு காலத்தில் இந்த நாட்டில் பஜிரோ என்றால் எம்.பி.மாரின் வாகனம். இப்ப அது வட்டைக்கு யூரியாவும் விதைநெல்லும் ஏத்துது. பதவி இறக்கம் என்று நாங்க நினைக்கல்ல.

சிறுபோக வெட்டு முடிஞ்ச கையோட வண்டி ஒரு புதுப் பழக்கம் காட்டியது. சம்மாந்துறைப் பக்கம் ஐந்தாம் கியரில் போகும்போது காலை அமத்தினால் எஞ்சின் சத்தம் கூடும், வேகம் கூடாது. கிளச் வழுக்குது. வெறும் வண்டியாக மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. டர்போ காற்றை அமுக்கித் தள்ளத் தொடங்கி, எஞ்சினின் முறுக்குவிசை உச்சத்துக்கு வரும்போதுதான் தேய்ந்த பிளேட் பிடியை விடும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவங்கள் எல்லாரும் "வண்டி நல்லாத்தானே இரிக்கி" என்றார்கள்.

வித்துடலாமா என்ற பேச்சும் வந்தது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில், 2022இல், 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில கிழமைக்குள் 360 வரை போனது. வித்த காசுக்கு இதே போல இன்னொன்று எடுக்க ஏலாது. ஆகவே கிளச்.

பார்ட்ஸ் கடையில் முதலில் நீட்டியது விலை குறைஞ்ச ஒன்று. "இதுவும் 4டி56 தான் தம்பி." உண்மைதான். ஆனால் அதே எஞ்சின் டர்போ இல்லாமலும் வேன்களில் வந்திருக்கு. பெயர் ஒன்று என்பதற்காகக் கிளச்சும் ஒன்றாகிவிடாது. கழட்டின பழைய பிளேட்டைக் கையோட கொண்டுபோய், விட்டத்தை அளந்து, நடுவில் உள்ள பற்களை எண்ணி, பிரஷர் பிளேட்டின் போல்ட் ஓட்டைகளைப் பொருத்திப் பார்த்தால்தான் நிச்சயம். ஜப்பான் ரீகண்டிஷன் பிளேட்டும் காட்டினார்கள். எவ்வளவு தேய்ந்தது, சூடேறியதா என்பது வெளியில் தெரியாத சாமானைப் போட்டுவிட்டு இன்னொரு தரம் கியர் பெட்டி இறக்கிற கூலியை யார் கொடுக்கிறது?

வாப்பா மறுபக்கம் போனார். "ஒரேயடியா பாரமான ஒண்டப் போடுங்க, பிறகு பாக்கத் தேவல்ல." அதாவது செரமிக் பட்டன் வைத்த பிளேட்டும் கடும் ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட்டும். பிடி பலம்தான். ஆனால் அது மெல்லப் பிடிக்காது, வெட்டி இழுக்கும். கிளச் கொஞ்சம் வழுக்கி விழுங்க வேண்டிய அடியெல்லாம் அப்போது கியர் பெட்டிக்கும் புரொப்பெல்லர் சாப்ட் மூட்டுகளுக்கும் போகும். கிளச்சை மாத்தலாம், இந்த வயசு வண்டிக்குக் கியர் பெட்டி தேடுவது வேற கதை. பெடலும் கனக்கும். இதைப் பற்றி வீட்டில் யாரும் ராத்தாவைக் கேட்கல்ல. கிழமையில் ஐந்து நாள் இதே வண்டியில் அக்கரைப்பற்றுக்குப் படிப்பிக்கப் போறது அவதான். "கல்முனை பசாருக்குள்ள அரைக் கிளச்சில ஊர்ந்து பாருங்க வாப்பா, பிறகு பாரமானதப் போடுவம்," எண்டா.

பேச்சு அதோட முடிஞ்சது. எக்ஸெடி அல்லது ஐசின், இந்த டர்போ மாடலுக்கே உரிய சாதாரண செட் என்று தீர்மானித்து, பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பித்தோம். சேற்றில் அதைக் காப்பாற்றப் பாரமான ஸ்பிரிங் தேவையில்லை. முதலிலேயே ஃபோர் லோவுக்கு மாத்தினால் போதும், கிளச்சுக்கு வரும் சுமை கிட்டத்தட்ட பாதியாகும். வட்டை வரம்பில் ஹையிலேயே நின்று உறுமிப் பிளேட்டை எரிக்கிற பழக்கம் எங்கட வீட்டில் யாருக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும், எழுத மாட்டோம்.

கியர் பெட்டி இறங்கின நேரம் ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங் இரண்டும் மாத்தினோம். பிளைவீலை லேத்தில் முகம் வெட்டினோம். கிரேங்க் பின் சீலில் எண்ணெய் கசிவு இருந்தது. அதை விட்டிருந்தால் புதுப் பிளேட்டும் நனைந்து வழுக்கியிருக்கும்.

"500 கிலோமீற்றருக்குப் பாரம் ஏத்த வாணாம்," எண்டார் பாஸ். விதைப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. அந்த 500ஐயும் ராத்தாதான் பள்ளிக்கூடம் போய்வந்தே ஓடி முடிச்சா.