எட்டாவது கத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள், மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

என்னிடம் ஏழு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. முத்திரை சேர்க்கிறவர்கள், பழைய காசு சேர்க்கிறவர்கள் மாதிரி இது என்ட பைத்தியம். இருபது வருடத்தில் ஏழுதான் என்றால் பைத்தியம் இன்னும் முற்றவில்லை என்று விளங்கும். ஆசிரியர் சம்பளம் அதை முற்ற விடாது. இப்போது எட்டாவதுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. என்னிடம் ஓ.எல். வரைக்கும் படித்த ஒருவர் ஜப்பானில் வாகன ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறார். அடுத்த மாதம் ஊருக்கு வாறார். "சேர், உங்களுக்கு ஒரு கத்தி கொண்டு வாறன். எதெண்டு மட்டும் சொல்லுங்க, இஞ்ச எல்லாம் எடுக்கலாம்" என்று வொய்ஸ் அனுப்பியிருந்தார். இரண்டு கிழமையாக யோசித்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட கேள்வி: "ஏழு போதாதா? ஆராவது வந்து பெட்டியத் திறந்து பார்த்தா என்ன சொல்லுவீங்க?"

வேறு நாட்டில் கத்தி சேர்க்கிறவனிடம் அவன் மனைவி விலையைக் கேட்பாள். எங்கட வீட்டில் கேட்கப்படுவது இது. ஏன் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த கிழமைகளில் வாள், பெரிய கத்தி இருந்தால் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. அன்றாட வீட்டுப் பாவனைக் கத்திகளுக்கு அது இல்லை என்றார்கள். ஆனால் தேடுதல் நடக்கிற நேரம் எது வீட்டுப் பாவனை, எது இல்லை என்று யார் அளப்பது? தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற வீடுகள் எங்கட பக்கத்தில் இருந்தன.

எங்கட வீட்டுக்கும் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். என்ட பிஸ்கட் தகரப் பெட்டியில் அப்போது ஐந்து கத்திகள். இளம் சிப்பாய் ஒருவர் மேசையில் வைத்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சிவப்பு நிற சுவிஸ் கத்தியின் பக்கத்தில் செருகியிருந்த பல்லுக்குத்தியை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு கறுப்புக் கைப்பிடி உள்ள ஒன்றை எடுத்தார். சிரிப்பு நின்றது. அதை மேலதிகாரியிடம் காட்டினார். அது கொழும்பு நடைபாதையில் 350 ரூபாவுக்கு வாங்கிய சீனச் சாமான். என்னிடமுள்ளதில் ஆக மட்டமானது, தக்காளியையே நசுக்கித்தான் வெட்டும். "ஏன் சேர் இவ்வளவு?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். முத்திரை மாதிரிச் சேர்க்கிறேன் என்றேன். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். மனைவி அன்று இரவு தூங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் ஒன்றும் வாங்கவில்லை. நான்காவது வருடம் வாங்க நினைத்தபோது டொலர் 300 ரூபாவையும் தாண்டிப் போயிருந்தது. பிறகு சேர்ந்த இரண்டில் ஒன்று அன்பளிப்பு, மற்றது விவசாயக் கடையில் வாங்கிய ஒட்டுக் கத்தி.

சேகரிப்பு தொடங்கியது வாப்பாவின் வில்லுக்கத்தியில். அவர் வட்டைக்குப் போகும்போது சாரத்து மடிப்பில் அது இருக்கும். பாக்குச் சீவுவது, மாங்காய் வெட்டுவது, நெல்லுச் சாக்கின் சணல் நூலை அறுப்பது, காலில் ஏறின முள்ளை எடுப்பது எல்லாம் அதுதான். அலகில் ஷெபீல்ட் என்ற எழுத்துப் பாதி தேய்ந்து கிடக்கிறது. வில் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, மடக்கினால் "டக்" என்று அடிக்கும். வில்லுக்கத்தி என்று நம்மவர்கள் வைத்த பெயர் எவ்வளவு சரி என்று அந்தச் சத்தத்தைக் கேட்டால் விளங்கும். முதுகில் ஒரு எஃகுப் பட்டி வில்லாக நின்று அலகை அழுத்திப் பிடிக்கிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

இந்தப் பைத்தியம் தெரிந்த நண்பர்கள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் பகிடி பண்ணுவார்கள், "சேர், உழ்ஹிய்யாவுக்குக் கத்தி ரெடியா?" மடக்குக் கத்தியை அந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. மடிப்புக்குள் இரத்தமும் கொழுப்பும் போனால் கழுவி எடுக்க முடியாது, நாறிவிடும். இது சின்ன வேலைக்கான சாமான். பேனாக்கத்தி என்ற சொல்லே இறகுப் பேனாவைச் சீவிய காலத்திலிருந்து வந்தது. அரபு எழுத்தணிக்காரர்கள் நாணல் கலத்தின் நுனியைச் சாய்வாக வெட்டுவதற்கென்றே இன்றைக்கும் கத்தி வைத்திருக்கிறார்கள்.

சரி, எட்டாவது எது?

என் மகன் சொன்னது, ஒரு விரலால் திறக்கிற, சட்டைப் பையில் கொழுவுகிற கிளிப் உள்ள, பூட்டு வைத்த கறுப்புக் கத்தி. இப்போது உலகம் முழுக்க ஓடுவது அந்த வகைதான். கிளிப்பையும் அலகில் வட்டத் துளையையும் 1981இல் சேர்த்துக் கொண்டுவந்தது அமெரிக்க ஸ்பைடர்கோ கம்பனி. அலகு தற்செயலாக மடங்கி விரலை வெட்டாமல் இருக்கப் பூட்டு நல்லது. ஆனால் நல்லது ஒன்று 100 டொலருக்கு மேலே போகும். அதோடு அந்த 350 ரூபாக் கத்தி மேசையில் கிடந்த நேரம் என் கண்ணுக்குள் நிற்கிறது. விலையைச் சொல்லித்தான் வேண்டாம் என்றேன். மகனுக்கு இரண்டாவது காரணமும் தெரியும்.

மனைவி சொன்னது, வாங்கத்தான் வேண்டுமென்றால் இன்னொரு சிவப்பு சுவிஸ். அதிலும் ஞாயம் இருக்கிறது. கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறை அது. 1897இல் வந்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய சிவப்புக் கத்தியின் மூத்தவர். விக்டோரினொக்ஸ் என்ற பெயரில் பாதி அவருடைய உம்மாவின் பெயரான விக்டோரியா, மீதி துருப்பிடிக்காத எஃகு. என்னிடம் இருப்பது ஸ்பார்டன். அதில் வைன் போத்தல் மூடி திறக்கிற சுருள் ஒன்று உண்டு. எனக்கு எதற்கு அது என்று கேட்கிறீர்களா? இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அதே அளவில் டிங்கர் என்ற ரகத்தில் சுருளுக்குப் பதிலாக நட்சத்திர ஸ்க்ரூ ட்ரைவர் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கலாம்தான். ஆனால் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் கையோடு கொண்டுபோகத் தடை வந்து அந்தக் கம்பனியின் கத்தி வியாபாரமே விழுந்தது. 2024இல் அதே கம்பனி அலகே இல்லாத கருவிகளைச் செய்யப் போவதாகச் சொன்னது, நாட்டுக்கு நாடு சட்டம் இறுகுகிறதாம். பல்லுக்குத்தியோடு சிரிக்க வைக்கிற சிவப்புக் கத்திக்கே இந்த நிலை. அப்படியானால் யாருக்கும் பயம் தராத கத்தி என்று ஒன்றைத் தேடி நான் எங்கே போவது?

பிரான்ஸ் நாட்டு ஒபினெல் அன்பளிப்பாக வந்து ஏற்கனவே இருக்கிறது, 8ஆம் இலக்கம், துருப்பிடிக்காதது. 1890இல் சவோய் மலைப் பகுதியில் பிறந்த விவசாயிகளின் கத்தி. கழுத்தில் ஒரு வளையம், திருப்பினால் பூட்டு. அந்த வளையம் 1955இல்தான் வந்தது. மர நடுவில் பிளவு போட்டு அலகை இறக்கியிருப்பதால் மாரி காலத்தில் மரம் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். பிடியின் பின்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் வரும். நவம்பர், டிசம்பரில் எங்கட வீட்டில் அந்தத் தட்டுச் சத்தம் அடிக்கடி கேட்கும்.

ஆசை போனது இன்னொரு பிரெஞ்சுக் கத்தியில். தியேர் என்ற ஊரில் கொக்னே குடும்பம் 1929 முதல் செய்கிற டூக்-டூக். மடித்த இரும்புத் தகட்டுக் கைப்பிடி, வாப்பாவின் கத்தியைவிட முரட்டு வில். பசிபிக் தீவுகளுக்கென்று செய்தது வட ஆபிரிக்காவிலும் நன்றாக விற்றது. அதே பட்டறையில் எல் பராக்கா என்று ஒரு தம்பி ரகமும் உண்டு. எங்கட பறக்கத்தான். "பறக்கத் எண்டு பேர் வெச்ச கத்தி வீட்டில இருந்தா நல்லதுதானே?" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "பறக்கத்த சமயலறைக்குக் கொண்டு வாங்க, பெட்டிக்குள்ள வேணாம்" என்றா. அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

கடைசியாக வந்து நின்றது ஹிகோனோகாமி. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து மிகி என்ற இரும்பு வேலை ஊரில் 1890களில் தோன்றிய கத்தி. மடித்த பித்தளைத் தகடு, ஒரு ஆணி, ஒரு அலகு, அலகின் அடியில் வால் மாதிரி ஒரு நெம்பு. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. விரித்து, அந்த வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அது நேராக நிற்கும். விட்டால் தளரும். பென்சில் சீவ, மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்ய என்று ஒரு காலத்தில் ஜப்பான் பிள்ளைகளின் பையில் எல்லாம் இது கிடந்தது.

பிறகு 1960 ஒக்டோபர் 12. டோக்கியோவில் ஒரு மேடையில் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது 17 வயதுப் பையன் ஒருவன் பாய்ந்து குத்திக் கொன்றான். தொலைக்காட்சிக் கமரா முன்னால் நடந்த கொலை. அதைத் தொடர்ந்து பிள்ளைகளிடம் கத்தி இருக்கக் கூடாது என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. ஹிகோனோகாமி பைகளிலிருந்து போனது. மிகியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்றைக்கு அந்தப் பெயரை முறைப்படி வைத்திருப்பது நாகாவோ குடும்பத்தின் ஒரே ஒரு பட்டறை.

நான் இரண்டு தரம் வாசித்த இடம் இதுதான்: அசனுமாவைக் குத்தியது ஹிகோனோகாமி அல்ல. அது ஒரு குறுவாள். வாள் செய்த வேலைக்குப் பென்சில் சீவுகிற கத்தி பதில் சொன்னது. செய்தவனை ஒரு முறைகூடக் கண்டிராத பிள்ளைகள் தங்கட கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் 2019ஐக் கடந்து வந்தவர்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாகானோ மாகாணத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலை 1980களிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹிகோனோகாமி கொடுத்துப் பென்சில் சீவப் பழக்குகிறது. ஒரு ஆசிரியனாக அதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வகுப்பில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் மாட்டேன். பாடசாலைக்குள் நான் இன்றுவரை எந்தக் கத்தியும் கொண்டுபோனதில்லை. நாங்கள் படித்த காலத்தில் பாதி பிளேட்டால் சீவினோம், விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகள் கட்டருக்குள் விட்டுத் திருப்புகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறா. அவக்குக் காட்டிக் கொடுக்கலாம். பெருவிரலை எடுத்தால் மடங்குகிற கத்தியில் பிள்ளை முதலில் படிப்பது கையைக் கவனிப்பதைத்தான்.

ஒரு குறை உண்டு. கார்பன் எஃகு, துருப் பிடிக்கும். கடற்கரை ஊரில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் செம்புள்ளி விழும். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். மாங்காய், எலுமிச்சை வெட்ட வெட்ட அலகு சாம்பல் நீலமாகக் கறுத்து வரும், அது துரு அல்ல. வாப்பாவின் கத்தியும் அந்த நிறம்தான்.

முந்தாநாள் பதில் அனுப்பிவிட்டேன்: ஹிகோனோகாமி, பித்தளைப் பிடி, நடுத்தர அளவு, பயணப் பொதியில் போடுங்க, கைப்பையில் வேண்டாம். மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறா. தகரப் பெட்டிக்குள் வைக்கக் கூடாதாம். மகளின் பென்சில், ரூலர் இருக்கிற மேசைப் போத்தலில், வாற போற ஆக்கள் காணுகிற மாதிரி வைக்க வேண்டுமாம். எனக்குச் சம்மதம்.

உங்கள் வாப்பாமார், அப்பாமார் பாவித்த வில்லுக்கத்தி யாருடைய வீட்டிலாவது கிடந்தால் படம் எடுத்துக் கொமென்டில் போடுங்கள். அலகில் எழுத்து இருந்தால் அதையும் கிட்டவாக எடுங்கள். துருப் பிடித்திருந்தால் வீசி விடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊற வைத்துப் பழைய துணியால் துடைத்துப் பாருங்கள். தீட்டுக்கல் இல்லாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டுக்குக் கொண்டு வரலாம்.