நாற்பத்தாறு நாள்

2025-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தின் முதல் வாரத்தில், என் தம்பியின் மகனை அழைத்துக்கொண்டு இராமேசுவரத்துக்குப் பிரயாணம் புறப்பட்டேன். காலமாகி ஓராண்டு நிறைந்த தன் தகப்பனாருக்கு அக்கினி தீர்த்தக் கரையில் திதி கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் உத்தியோக நிமித்தமாகக் கனடாவுக்குப் போய்விடுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் கூடப் போவது என் கடமை; அதோடு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு 1962-ஆம் ஆண்டில் தனுஷ்கோடியில் சேது ஸ்நானம் செய்த எனக்கு, அந்த ஊர் இருந்த இடத்தை இன்னும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் நெடுநாளாக இருந்தது.

எழும்பூரில் ஏறிய வண்டி செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"பெரியப்பா, நம்ம நாடு உருப்படும்னு நீங்க நம்புறீங்களா?"

அது பொழுதுபோக்குக்காகக் கேட்ட கேள்வி அன்று. தகப்பனார் பெயரிலிருந்த மனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதற்காக அந்த ஓராண்டில் அவன் ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்திருக்கிறான். பதினோராவது முறை, அங்கே இருந்தவர் ஒன்றும் பேசாமல் தம் மேஜையின் இழுப்பறையை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தத் திறந்த இழுப்பறையைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன்; இருந்ததெல்லாம் அலுப்புத்தான். என் தலைமுறைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தை நானும் சொன்னேன். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் ஜனங்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான் என்பதையும், 2011-ல் அது 74 ஆகிவிட்டது என்பதையும், சுதந்திரம் வந்த காலத்தில் முப்பத்துச் சொச்சமாக இருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதைத் தொட்டிருப்பதையும் அவனுக்கு எடுத்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் தாத்தா காலத்தோட ஒப்பிட்டா சரி, பெரியப்பா. ஆனா நான் என் காலத்துலதானே இருக்கணும்?" என்றான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

மானாமதுரையில் கண் விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அங்கிருந்து இராமநாதபுரம் வரையில் இருப்புப்பாதையின் இரு மருங்கிலும், வயல் என்றும் கண்மாய் என்றும் வித்தியாசம் பாராமல், சீமைக் கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. அயல் தேசத்திலிருந்து கொண்டுவந்து விறகுக்காக விதைத்த அந்த மரம், நிலத்தடி நீரை உறிஞ்சி ஊரைப் பாழாக்கிவிட்டதென்று ஏசாதவர் இல்லை. ஆனால் அதே மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான், மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்டுகின்றன. தூரத்தில் தரையோடு தரையாக எழுந்துகொண்டிருந்த வெண்புகையைக் காட்டி இதை அவனுக்குச் சொன்னேன். மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பொறுக்கியெடுத்தவற்றுள் தமிழ்நாட்டில் இருந்தவை இரண்டு. இராமநாதபுரம் அவற்றுள் ஒன்று. பின்தங்கியது என்ற சொல்லை எவ்வளவு நாகரிகமாகச் சொன்னாலும் ஜன்னல் வழியே தெரிந்தது அந்தப் பழைய வறட்சிதான்.

மண்டபம் நெருங்கும்போது உப்புக்காற்று வந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களைத் தொற்றுநோய்ப் பயத்தால் அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அந்த ஊரில்தான் இருந்தது. பின்னாளில், அக்கரையில் கலவரமும் யுத்தமும் மூண்டபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தமிழர்களுக்குப் புகலிடம் தந்ததும் அதே மண்டபம் முகாம். 2022-ஆம் ஆண்டில், அந்தத் தீவில் அரிசியும் பால்மாவும் வாங்க வழியில்லாமற் போன சமயத்தில், குழந்தை குட்டிகளோடு படகேறி அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்ததும் அங்கேதான். பசிக்குப் பயந்து ஒரு காலத்தில் நாம் விட்டு ஓடிய கரையை, பசிக்குப் பயந்து இன்னொரு காலத்தில் வேறு சிலர் தேடி வந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன், எதிரே உட்கார்ந்திருந்தவனின் சட்டைப் பையில் கடவுச்சீட்டு இருப்பது நினைவுக்கு வரவே, குத்திக்காட்டுவது போலாகிவிடுமென்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு பாலம் வந்தது. பிரயாணிகள் எல்லோரும் ஜன்னலோரத்துக்கு நெருங்கினார்கள். வண்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமுத்திரத்தின்மேல் ஊர்ந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டு ஒன்றரை மாதம்கூட நிறையாத புதுப் பாலம்; கப்பல் வரும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பி வழிவிடும். அதற்குப் பக்கத்திலேயே, துரு மேலேறிய கைகளைக் கூப்பிக்கொண்டு நிற்பதுபோல, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டு 2022 டிசம்பர் வரையில் வண்டிகளைச் சுமந்த பழைய பாலம் நின்றது. அந்தப் பாலத்தின் கதையைத்தான் நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களை ஏற்றிக்கொண்டு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி, ஊருக்கு வெளியே கைகாட்டி இறங்காமல் காத்து நின்று, பின்பு ஊதிக்கொண்டே மெல்ல நகர்ந்தபோது, புயலோடு எழுந்த பேரலை அந்த வண்டியைப் பெட்டி பெட்டியாக அடித்துக்கொண்டுபோய்விட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே இரவில் பாம்பன் பாலத்தின் 145 விட்டங்களில் 126 கடலுக்குள் போயின. அதைச் செப்பனிட ரயில்வே வைத்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற 32 வயது என்ஜினீயர், பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டில்லி மெட்ரோவையும் கட்டிய இ. ஸ்ரீதரன். புது விட்டங்கள் வரும்வரை காத்திராமல், கடலடியில் விழுந்து கிடந்தவற்றை மீனவர் காட்டிய இடங்களில் தேடி மேலே தூக்கி, பழையபடி தூண்களின்மேல் ஏற்றிவைத்து, 46 நாளில் வண்டி விட்டார். அவரோடு முழங்காலளவு உப்புத்தண்ணீரில் நின்ற தொழிலாளர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதுப் பாலத்தைப் பற்றியும் ஒன்று சொன்னேன். அதைத் திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பரிசோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், வடிவமைப்பு முறையிலும் துருவேறாமல் காக்கும் ஏற்பாட்டிலும் தாம் கண்ட குறைகளை ஒளிவு மறைவின்றி எழுதி, வேகத்துக்கும் 75 கிலோமீட்டர் என்று வரம்பு கட்டி, தூக்குப் பகுதியில் அதையும் 50 ஆகக் குறைத்தார். தேசமே கொண்டாடக் காத்திருந்த ஒரு காரியத்தில், சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் சர்க்காரின் வேலையில் இன்ன இன்ன குறை என்று கையெழுத்திட்டுக் கொடுத்ததைப் பாலத்தைவிடப் பெரிய விஷயமாக நான் மதிக்கிறேன். திறந்த இழுப்பறை இருக்கிற அதே ராஜ்யத்தில்தான் இந்தக் கையெழுத்தும் இருக்கிறது.

மறுநாள் காலையில் திதி முடிந்தது. பையன் பிண்டத்தைக் கரைத்துவிட்டு நெடுநேரம் இடுப்பளவு நீரில் நின்றான். அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. பத்து மணிக்கு மேல் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம்.

இடப்புறம் பெண்கடல், வலப்புறம் ஆண்கடல் என்று அவ்வூரார் சொல்வார்கள். ஒன்று சாதுவாகக் கிடக்க, மற்றொன்று ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே நாடா போல நீண்ட மணல்மேல் இப்போது தார்ச்சாலை அரிச்சல்முனை வரை போகிறது. நான் சிறுவனாகப் பார்த்தபோது அங்கே ஸ்டேஷன் இருந்தது. சுங்கச் சாவடியும் தபாலாபீசும் ஆஸ்பத்திரியும் மாதா கோயிலும் இருந்தன. தலைமன்னார்க் கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் டிரங்குப் பெட்டிகள்மேல் நான் ஏறி உட்கார்ந்ததற்காகப் பாட்டி கடிந்துகொண்டது இன்றும் காதில் கேட்கிறது. இப்போது மாதா கோயிலின் கூரையற்ற சுவர்கள் மட்டும், பவளப் பாறையின் துளைகள் வெளியே தெரிய, நின்றுகொண்டிருக்கின்றன. வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சுவருக்குச் சற்றுத் தள்ளி, ஓலைக் குடிசை ஒன்றின் பின்புறத்தில், ஒரு பெண் மணலில் முழங்கையளவு ஆழத்துக்குத் தோண்டிய குழியருகே குந்தி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். ஒரு கொட்டாங்கச்சி மொண்டதும் ஊற்று மறுபடி ஊறி வரும் வரையில் அவள் கையை நீட்டிய நிலையிலேயே காத்திருந்தாள். கலங்கல் தெளிந்த பிறகுதான் அடுத்ததை மொண்டாள். கேட்காமலே எங்களுக்கும் கொடுத்தாள். இரண்டு சமுத்திரங்களுக்கு நடுவில் அந்தத் தண்ணீர் இளநீர்போல் தித்தித்தது. குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று பையன் கேட்டதற்கு, "அது ஊறுறதப் பொறுத்துதே தம்பி" என்றாள்.

வாழத் தகுதியற்ற இடம் என்று புயலுக்குப் பின் சர்க்கார் அறிவித்த ஊர் அது. கடல் தந்த பிழைப்பை விட்டுப் போக முடியாத மீனவர்கள் திரும்பி வந்து, அறுபது வருஷமாக இப்படியே ஜீவனம் செய்கிறார்கள். நம்மால் ஒன்றும் ஆகாது, நம் ஜனங்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று விசனப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விசனத்துக்கு ஆதாரமே கிடையாது என்று பாம்பனில் அந்த 46 நாள் சாட்சி சொல்கிறது. ஆனால் அந்தச் சாட்சியே தனுஷ்கோடியில் நம்மேல் குற்றமும் சாட்டுகிறது. கடலடியிலிருந்து இரும்பு விட்டத்தை மீட்டவர்கள், மணலில் குந்தியிருக்கும் ஒருத்தியின் குடத்துக்கு இத்தனை காலத்தில் ஒரு குழாய் கொண்டுவர முடியாதவர்கள் அல்லர். வேண்டுமென்று நினைத்ததை நினைத்த நாளில் முடிக்கிறோம், நினையாததைப் பேரன் காலம் வரை விட்டுவைக்கிறோம். எதை எல்லாம் நினையாமல் விட்டோம் என்பதுதான் என் துக்கம்.

இதை நான் சொன்னபோது அவன் மணலைக் காலால் கிளறிக்கொண்டே, "அப்போ முடியும், செய்யலைங்கிறீங்க. அது இன்னும் மோசமில்லையா, பெரியப்பா?" என்றான்.

"மோசந்தான்" என்றேன். அதற்குமேல் எதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் பாம்பன் கரைக்கு வந்தோம். மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிச் சாய்ந்து கிடந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், படகின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியை அதன்மேல் நிறுத்தி, சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார். கலப்பத்து என்று அதற்குப் பெயர். முதல் இரண்டு அடிக்கு மந்தமான ஓசை. திரி இறுகிவிட்டதும் ஓசை மாறிக் கணீரென்று கேட்டது. கேட்டபின் ஒரு விரற்கடை தள்ளி அடுத்த இடத்துக்குப் போனார்.

"வருஷா வருஷம் இதே வேலைதானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. வெயில்ல கெடந்தா பலகை வாயப் பொளந்துக்கும். போன வருசம் அடிச்சாச்சேன்னு விட்டா நடுக்கடல்ல தண்ணி ஏறிப்புடும்."

படகு அவருடையதன்று. அவருடையதை மூன்று வருஷத்துக்கு முன் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோக, அது அக்கரையில் கிடந்து மக்குகிறதாம். அன்று முதல் பிறர் படகில் கூலிக்கு வேலை. நம் விசைப்படகுகளின் இழுவலை அக்கரைத் தமிழ் மீனவரின் வலைகளை அறுத்துக்கொண்டு போவதும் உண்மை என்பதால், இந்த வழக்கில் எந்தக் கரையிலும் முழு நியாயத்தை என்னால் காண முடியவில்லை. அவரும் யாரையும் வையவில்லை. வேலைக்காரப் பையன் அன்று வரவில்லை என்றும், ஜூன் 14-ஆம் தேதி இரவு தடை முடிவதற்குள் இன்னும் மூன்று படகு பாக்கி என்றும் மட்டும் சொன்னார்.

"நான் ஏதாவது பிடிக்கட்டுமாங்க?" என்று கேட்டது என் தம்பி மகன்தான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரிச் சுருளை நீட்டினார். பையன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகடியில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டான். சற்றைக்கெல்லாம் சென்னை வண்டி புதுப் பாலத்தின்மேல் விளக்கேற்றிக்கொண்டு போயிற்று. நான் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தேன். படகின் கீழே உளிச்சத்தம் மந்தமாக இரண்டு முறை கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் இழுத்துப் புடிங்க, தம்பி" என்றார் அவர்.